ஐந்தில் ஒரு பங்கு

ஜூன் 2, திங்கள்

கடைசியில் சட்டம் வந்துவிட்டது. இனிப் பத்திரிகைக் காகிதத்துக்கும் வரி, விளம்பரத்துக்கும் வரி. தப்ப ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பத்திரிகைக்குக் குறைந்தது ஐந்து உரிமையாளர்கள் இருக்க வேண்டும். ஒருவரிடமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தால் வரி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உரிமையாளர்களின் பெயர்களை இரண்டாம் பக்கத்தில் அச்சிட வேண்டும்.

எனக்கு இதில் சந்தோஷம்தான். இந்தச் சின்ன நாட்டில் பணம் உள்ளவன் ஒருவனே தொலைக்காட்சியும் வைத்திருக்கிறான், பத்திரிகையும் வைத்திருக்கிறான், சனம் எதை நினைக்க வேண்டும் என்பதையும் வைத்திருக்கிறான். ‘யாருடைய பத்திரிகை?’ என்று ஒரு தலையங்கம் எழுதினேன். ஒரே மூச்சில் வந்தது.

மத்தியானம் றெஜினா அக்காவோடு மெய்ப்புப் பார்த்தேன். எங்கள் ‘ஊர்முகம்’ வாரப் பத்திரிகையில் இன்னும் பழைய முறைதான். நான் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, அவர் அச்சுப் பிரதியில் பென்சிலை ஓட்டியபடி கேட்பார். ஒரு சொல் விடுபட்டாலும் மேசையில் ‘டொக்’ என்று தட்டுவார்.

இன்றும் தட்டினார். “‘கூட’ எண்டு ஒரு சொல்லை விட்டிட்டாய் தம்பி.”

“அது முக்கியமில்லை அக்கா.”

“முக்கியமோ இல்லையோ, இருக்கிறதை வாசி.”

பதினாறு வருடமாக இந்த வேலை செய்கிறார். தாளைப் பார்க்காமலே, குரலை வைத்தே எங்கே தாண்டினோம் என்று சொல்லிவிடுவார்.

ஜூன் 3, செவ்வாய்

ஐயா கூப்பிட்டார். அருளம்பலம் ஐயாவுக்கு ஹாட்வெயார் கடை ஒன்று, லொறி இரண்டு, அதற்குப் பிறகுதான் பத்திரிகை. தலையங்கத்தைப் பாராட்டினார்.

“வடிவா எழுதியிருக்கிறீர் துவாரகன். போடுவம். ஆனா அஞ்சு பேருக்கு நான் எங்க போறது? மனிசியையும் மருமோனையும் போடேலாது. வெளியாளைப் போட்டா நாளைக்கு உண்மையாவே பங்கு கேப்பான்.”

“வரியைக் கட்டினால்?”

“கட்டலாம். தீபாவளி வரைக்கும் பேப்பர் வரும். பிறகு நீங்கள் பதினொரு பேரும் வேறை வேலை தேடலாம்.”

எங்கள் பத்திரிகை செய்தியால் ஓடவில்லை. மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவு, ஆண்டுத் திவசம், இவற்றால்தான் ஓடுகிறது. செத்தவர்களின் படத்துக்கும் வரி போட்டால் தாங்காது என்பது உண்மை.

வேலையாட்களின் பெயரில் பங்கை எழுதுவது என்று ஐயா யோசனை சொன்னார். அதோடு பங்கை ஐயாவுக்கே திருப்பி எழுதும், திகதி போடாத ஒரு மாற்றுப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்கி ஐயா பூட்டி வைத்துக்கொள்வார். ஐயா, நான், பக்கம் வடிவமைக்கும் விஜிதரன், மெஷின் கனகு அண்ணை. ஐந்தாவது ஆள் யார் என்று கொஞ்ச நேரம் பேசினோம். றெஜினா அக்கா என்று முடிவானது.

றெஜினா அக்கா இன்று பஸ்ஸில் கண்ணாடியை உடைத்துக்கொண்டார். நாளை மறுநாள் காலையில் தருவதாகக் கடைக்காரன் சொல்லியிருக்கிறானாம். அதுவரை மெய்ப்பு என் தலையில்.

ஜூன் 4, புதன்

எல்லாரும் கையெழுத்திட்டார்கள். றெஜினா அக்காவுக்குக் கண்ணாடி இல்லாததால் நான் வாசித்துக் காட்டினேன். கையில் பென்சிலோடுதான் இருந்தார். ஒருமுறையும் தட்டவில்லை. எங்கே வைக்க வேண்டும் என்று விரலைப் பிடித்துக் காட்டினேன், வைத்தார். சாட்சியாக நான் கையெழுத்திட்டேன்.

வெக்கை தாங்க முடியவில்லை. வரும் வழியில் சர்பத் குடித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

இரண்டாம் பக்கத்தில், வாசகர் கடிதத்துக்குக் கீழே ‘உரிமை விபரம்’ வந்துவிட்டது. நேற்று அக்கா வீட்டுக்குப் போன பிறகு கடைசி நேரத்தில் நானே போட்டேன். காலையில் விஜிதரன் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“முதலாளியம்மா, காலமை வணக்கம். எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்.”

றெஜினா அக்கா வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். பிறகு சிரித்தார். “பங்குக்காரி எண்டால் ஒரு மின்விசிறி தாங்கோவன். இஞ்ச வேர்த்துச் சாகுறன்.”

கனகு அண்ணை மெஷின் அறையிலிருந்து, “எனக்கும் ஐஞ்சிலை ஒண்டு இருக்கு பிள்ளை, என்னைக் கேளாமல் விசிறி வாங்கேலாது” என்று கத்தினார். எல்லாரும் சிரித்தோம். நானும்.

ஜூலை 8, செவ்வாய்

வரிவிலக்குக் கடிதம் வந்தது. அடுத்த இதழிலிருந்து ‘ஆசிரியர்’ என்ற இடத்தில் என் பெயர் வரும். இருபத்தேழு வயதில். ஐயா தன் பழைய மோட்டார் சைக்கிளையும் தந்தார். செய்தி சேகரிக்கத்தான்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

மோட்டார் சைக்கிளுக்குப் பின் ரயர் மாற்றினேன். சொல்லும்படியாக வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 25, வியாழன்

றெஜினா அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் அனிற்றாவுக்குக் காய்ச்சல், மருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். வீடு என்று சொல்கிறோம். நாலு பக்கமும் தகரம், மேலே கூரைக்குத் தறப்பாள் விரிப்பு. யுத்தம் முடிந்து வந்து அடித்த அதே வீடுதான், தறப்பாள் மட்டும் இரண்டு தடவை மாற்றியது. இப்போது அதுவும் கிழிந்திருக்கிறது. இப்படி ஒரு குடும்பத்தை இத்தனை வருடம் விட்டு வைத்த அரசாங்கத்தை என்ன செய்தால் தகும்?

“இந்த முறை வீட்டுத்திட்ட லிஸ்டில என்ரை பேர் வரும் தம்பி. கிராம சேவகர் சொன்னவர். மாரி மழைக்கு முந்தி அத்திவாரமாவது போட்டிடலாம்.”

“வரும் அக்கா.”

தேநீர் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். வேலை இருந்தது.

அக்டோபர் 21, செவ்வாய்

வரவில்லை.

றெஜினா அக்கா பதினொரு மணிக்குத்தான் அலுவலகம் வந்தார். நேரே என் மேசைக்கு வந்து நின்றார். நான் மரண அறிவித்தல் ஒன்றுக்குப் படம் தேடிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, என்ரை பேரை வெட்டிப்போட்டாங்கள்.”

“ஏன்?”

“நான் கொம்பனிப் பங்குக்காரியாம். சொத்து இருக்கிற ஆளாம். நான் இல்லை எண்டு சொல்ல, செயலகத்திலை இருந்த அதிகாரி பைலைத் திறந்து காட்டினவர். எங்கட பேப்பரை வெட்டி உள்ளுக்கை ஒட்டியிருக்கிறார். ரெண்டாம் பக்கம்.” பையை என் மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: “அந்த மனிசனிலை பிழையில்லை. அவர் இருக்கிறதை வாசிச்சார்.”

விஜிதரன் ஏதோ பகிடி விட வாயெடுத்து, விடவில்லை.

அக்டோபர் 22, புதன்

றெஜினா அக்கா கேட்பது ஒரு கடிதம். அவர் பெயருக்கு மட்டும்தான் பங்கு, உண்மையில் அவருக்கு ஒன்றும் இல்லை என்று ஆசிரியர் என்ற முறையில் நான் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நவம்பர் 14 பின்னேரம் நாலு மணிக்குள் மேல்முறையீட்டோடு பிரதேச செயலகத்தில் கொடுத்தால் பெயரைத் திரும்பச் சேர்ப்பார்கள். கொடுக்காவிட்டால் இந்தத் திட்டத்தில் இனி இல்லை. அடுத்த திட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

“ஐயாட்டைக் கேக்கவேண்டாம். அவர் ஓம் எண்டும் சொல்லுவார், இல்லை எண்டும் சொல்லுவார். நீ எழுது.”

“எழுதுறன் அக்கா.”

அக்டோபர் 23, வியாழன்

ஐயாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“எழுதும். நான் மறிக்கேல்லை. ஆனா அந்தக் கடிதம் இஞ்ச நிக்காது, கொழும்புக்குப் போகும். பங்கு பொய்யெண்டால் விலக்கும் பொய். பழைய வரியும் வரும், தண்டமும் வரும். பேப்பர் நிண்டுபோகும்.” தேநீரை ஆற்றியபடி கேட்டார்: “சாட்சிக் கையெழுத்து ஆற்றை?”

“என்ரைதான்.”

“அப்ப யோசிச்சு எழுதும்.”

பதினொரு குடும்பம். ஒரு வீடு. கணக்காகப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. ஏழைகளைப் பற்றி இப்படிக் கணக்குப் பார்ப்பவர்களை நான் எத்தனை தலையங்கத்தில் கிழித்திருக்கிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

கடிதம் இன்று எழுதவில்லை. பக்க வேலை.

நவம்பர் 3, திங்கள்

மாரி தொடங்கிவிட்டது. றெஜினா அக்கா நனைந்துகொண்டு வந்தார். கேட்கவில்லை. மெய்ப்புப் பார்க்கும்போது நான் நாலு இடத்தில் தடுமாறினேன், நாலு தடவை தட்டினார்.

நவம்பர் 5, புதன்

இந்தக் கொப்பியின் முன்பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். ‘றெஜினா அக்கா என்று முடிவானது’ என்று எழுதியிருக்கிறேன். எப்படி முடிவானது? ஐயா எங்கள் அலுவலகக் கணக்குப்பிள்ளையின் பெயரைத்தான் சொன்னார். நான்தான், “கணக்குப்பிள்ளை வெளியில கதைக்கிற ஆள், றெஜினா அக்காவைப் போடுவம், அவ கேள்வி கேக்கமாட்டா” என்றேன்.

கேள்வி கேட்கமாட்டார் என்றதும் பொய். அவர் எதையும் வாசிக்காமல் கையெழுத்திடுகிறவர் அல்ல. பால்காரனின் துண்டையும் வாசிக்கிறவர். அதனால்தான் புதன்கிழமை. கண்ணாடி வியாழன் காலையில் வரும் என்று எனக்குத் தெரியும். ஐயாவுக்கு அவசரம் இல்லை, கொழும்புக்குப் பத்திரங்களை அனுப்ப இன்னும் பத்து நாள் இருந்தது. புதன்கிழமை என்று நாள் குறித்தவன் நான்.

பத்திரத்தில் இருந்த நான்கு பந்திகளில் மூன்றை வாசித்தேன். மூன்றாவது பந்தியை விட்டேன். அது இப்போது எனக்குப் பாடம்: ‘இப்பங்கு எனது சொந்தச் சொத்து. அரசாங்க உதவி எதற்கு விண்ணப்பித்தாலும் இதை என் சொத்தாகக் காட்டுவேன்.’ அதை வாசித்திருந்தால் கையெழுத்திட்டிருக்க மாட்டார். அவர் வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தது எனக்குத் தெரியாது என்று யாராவது நினைக்கலாம். மார்ச் மாதம் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான். ‘சொத்து’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

கடிதத்தை எழுதிவிட்டேன். அரைப் பக்கம்தான். இரண்டு பிரதி எடுத்துக் கையெழுத்தும் வைத்தேன். மேசை லாச்சியில் இருக்கிறது. நாளை கொடுக்க வேண்டும்.

நவம்பர் 12, புதன்

மோட்டார் சைக்கிள் காற்றுப் போய்விட்டது. பஞ்சர் ஒட்டுகிற கடையில் இரண்டு மணி நேரம். பிரதேச செயலகத்துக்குப் போக முடியவில்லை. நடந்தால் பத்து நிமிடம்.

நவம்பர் 13, வியாழன்

பக்க நாள். எல்லாப் பக்கமும் இன்றைக்குள் அச்சுக்குப் போக வேண்டும், ஒன்றுக்கும் நேரமில்லை.

நவம்பர் 14, வெள்ளி

பிரதேச செயலகத்தின் முன்னால் விவசாயிகளின் ஆர்ப்பாட்டம். வெள்ளத்தில் அழிந்த வயலுக்கு நட்டஈடு கேட்டு. நல்ல கூட்டம், இருநூறு பேர் வரும். படம் எடுத்தேன், ஏழு பேரிடம் பேசினேன். அதிகாரிகளின் அலட்சியத்தைப் பற்றி மூன்று பத்தி எழுதலாம். தலைப்பும் தோன்றிவிட்டது.

கடிதம் சட்டைப் பையில் இருந்தது.

றெஜினா அக்காவும் வந்திருந்தார். கூட்டத்துக்குள் அல்ல, உள்ளே, வரிசையில். சீலைக் கடைப் பையொன்றில் பைலைச் சுற்றி மார்போடு வைத்திருந்தார். என்னைக் கண்டதும் வெளியே வந்தார். அப்போது மூன்று மணி.

“கொண்டு வந்தியோ தம்பி?”

மழைத்துளி விழத் தொடங்கியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் அவருக்கு என் முகம் தெரிந்திருக்காது.

“ஐயா கையெழுத்து வைக்கேல்லை அக்கா” என்றேன்.

ஐயாவின் கையெழுத்து தேவையே இல்லை. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

“சரி” என்றார். திரும்ப உள்ளே போய் வரிசையில் நின்றார். கடிதம் இல்லாமல் என்ன கொடுக்க நின்றார் என்று தெரியவில்லை. நாலு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். நான் அதுவரை எதிர்ப்பக்கத்தில் நின்று கோஷங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கடிதம் நனைந்து பையோடு ஒட்டியிருந்தது.

நவம்பர் 17, திங்கள்

றெஜினா அக்கா வழக்கம்போல எட்டரைக்கு வந்தார். ஆர்ப்பாட்டச் செய்தியை மெய்ப்புப் பார்த்தோம். முழுவதும் வாசித்தேன். ‘ஏழைகளின் மனுவைக் குப்பைக் கூடையில் போடும் அதிகாரிகள்’ என்ற இடத்தில் என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும். முடித்ததும் பென்சிலை மேசையில் வைத்தார்.

“ஐயாவைக் கண்டனான் சனிக்கிழமை. தான் மறிக்கேல்லை எண்டு சொன்னார்.”

நான் தாள்களை அடுக்கினேன்.

“ஜூன் மாசம் நீ வாசிச்சுக் காட்டினாய். அண்டைக்குக் கண்ணாடிதான் உடைஞ்சது தம்பி, காது உடையேல்லை. ரெண்டாவது பந்தி முடிய ஒருக்கா மூச்சு வாங்கிப்போட்டு நாலாவதுக்குப் போனாய். எனக்குக் கேட்டது.”

“அப்ப ஏன் அக்கா தட்டேல்லை?”

“நீ எண்டபடியாத்தான். இவன் விட்டால் அது எனக்குத் தேவையில்லாததாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன்.” எழுந்து பையை எடுத்தார். “பதினாறு வருசத்திலை நான் விட்ட பிழை அது ஒண்டுதான்.”

“எங்க போறீங்கள்? பேப்பர் நிண்டால் பதினொரு பேர்...”

“நான் பேப்பரை நிப்பாட்டச் சொல்லேல்லை. என்னட்டை அதை வாசிச்சிருந்தால் ‘வேறை ஆளைப் பாருங்கோ’ எண்டு சொல்லியிருப்பன். கணக்குப்பிள்ளை வீட்டிலை மேல்மாடியே இருக்கு. ஒரு பேருக்கு ஒரு பேர். அவ்வளவுதான் தம்பி.”

பென்சிலைக் கொண்டுபோகவில்லை. விஜிதரன் பின்னால் ஓடினான். திரும்பி வந்து என்னோடு பேசாமல் கணினியில் உட்கார்ந்தான்.

நவம்பர் 18, செவ்வாய்

றெஜினா அக்கா வேலைக்கு வரவில்லை.

நவம்பர் 27, வியாழன்

அனிற்றா வந்து அம்மாவின் சம்பளமிச்சத்தை வாங்கிப் போனாள். அம்மா ஒரு பாலர் பாடசாலையில் சமையலுக்குப் போகிறாராம். “தறப்பாளுக்கு மேல இன்னொரு தறப்பாள் போட்டிருக்கிறம், இப்ப ஒழுகேல்லை” என்றாள், நான் கேட்காமலே. ஐயா ஒரு புதுத் தகரக் கட்டுக் கொடுத்தனுப்பச் சொன்னார், கடையிலிருந்து. அவள் வேண்டாம் என்றாள். அம்மா சொல்லியனுப்பியிருக்க வேண்டும்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஐயா புது மெய்ப்பாளர் தேட வேண்டாம் என்கிறார். நீரே பாரும், செலவு மிச்சம் என்கிறார். சரி என்றேன். இப்போதெல்லாம் அவரிடம் நான் எதற்கும் சரி என்றுதான் சொல்கிறேன். வரிவிலக்குப் பெற்ற ‘ஊர் உழைப்பாளிகளின் பத்திரிகை’ என்று கொழும்பிலிருந்து யாரோ எங்களைப் பற்றி எழுதக் கேட்டிருக்கிறார்களாம். நான்தான் பேட்டி கொடுக்க வேண்டுமாம்.

டிசம்பர் 18, வியாழன்

பக்க நாள். மழை விட்டிருக்கிறது. விஜிதரன் இரண்டு பக்கங்களை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். ஐந்தாம் பக்கத்தில் வீட்டுத் திட்டப் பயனாளிகளின் பட்டியல், அரச விளம்பரம். அறுபத்து நான்கு பெயர்கள். இரண்டாம் பக்கத்தில் எங்கள் அரையாண்டு உரிமை விபரம். ஜூன் மாதத்ததை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறான். பெயரை மாற்ற வேண்டுமென்றால் மறுபடி கொழும்புக்கு எழுத வேண்டும், கேள்வி வரும். ஐயா மாற்ற வேண்டாம் என்றார்.

அறையில் யாரும் இல்லை. பழக்கதோஷம், சத்தமாகவே வாசித்தேன். முதலில் பட்டியலை. அறுபத்து நான்கு பெயர்களையும் ஒன்று விடாமல், முதலெழுத்தோடு வாசித்தேன். தேடுகிற பெயர் அதில் இருக்காது என்று தெரிந்தும் மெதுவாக வாசித்தேன். பிழை இல்லை.

பிறகு இரண்டாம் பக்கம். க. அருளம்பலம், ஐந்தில் ஒரு பங்கு. செ. துவாரகன், ஐந்தில் ஒரு பங்கு. ம. விஜிதரன், ஐந்தில் ஒரு பங்கு. நாலாவது வரிக்கு வந்ததும் மூச்சு வாங்கினேன். ஐந்தாவது வரிக்குப் போனேன். சி. கனகசூரியம், ஐந்தில் ஒரு பங்கு.

பென்சில் எதிர்ப்பக்கத்தில், அவர் வைத்த இடத்திலேயே கிடந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நாலு மணிக்குப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினேன்.